தச்சர் தாமஸ் கியூபிட்டும் அவர் எழுப்பிய லண்டனும்

தாமஸ் கியூபிட் 1788 பிப்ரவரி 25 அன்று இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், நாரிச் நகரை அடுத்த பக்ஸ்டன் என்ற ஊரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். 1855 டிசம்பர் 20 அன்று அவர் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. தேர்ந்த கொத்தனாருக்கே நாட்கூலி ஐந்து ஷில்லிங் அளவில், அதாவது பவுண்டில் கால்பங்காக இருந்த காலம் அது. லண்டனின் பெல்கிரேவியாவிலும் பிம்லிக்கோவிலும் பெரும்பகுதியும், புளூம்ஸ்பரியின் அழகான சில சதுக்கங்களும் அவர் எழுப்பியவை. நிலத்தை வளைத்து வீடு கட்டி விற்றுப் பணக்காரரானவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள், பின்பும் வந்தார்கள். அந்த வரிசையில் கியூபிட்டைத் தனித்துக் காட்டுவது, அவர் தம் ஆட்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்க முனைந்ததும், வீட்டின் முகப்புக்குச் செலுத்திய அதே கவனத்தை மண்ணுக்கடியில் ஓடும் சாக்கடைக்கும் செலுத்தியதும்தான்.

இளம் வயதில் அவர் கப்பல் தச்சராக இந்தியாவுக்குச் சென்று திரும்பினார். அந்தப் பயணத்தில் சேர்த்த கூலிப்பணமே அவருடைய முதல் மூலதனம். 1810ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனின் ஹோல்போர்ன் பகுதியில் சொந்தமாகத் தச்சுத் தொழில் தொடங்கினார். தம்பிகள் வில்லியமும் லூயிஸும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அன்றைய லண்டனில் ஒரு பெரிய கட்டடத்தை ஒருவரே முழுப்பொறுப்பில் எடுத்துக் கட்டித்தரும் வழக்கம் அரிது. செங்கல் வேலை ஒருவரிடம், மரவேலை வேறொருவரிடம், பூச்சு, ஈயக்குழாய், கண்ணாடி, வர்ணம் ஒவ்வொன்றும் தனித்தனி மேஸ்திரிகளிடம் போகும். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஆட்களை அந்த வேலைக்கு மட்டும் கூலிக்குப் பிடிப்பார்கள். வேலை முடிந்ததும் அளவெடுப்பவர் வந்து அளந்து விலை போடுவார். கொத்தனார் சுவரை முடிக்காமல் தச்சர் கூரை ஏற்ற முடியாது; தச்சர் வரத் தாமதித்தால் பூச்சுக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம். கட்டடம் எழுப்புபவருக்கு இது தீராத தலைவலி. கூலியாளுக்கோ குளிர்காலம் வந்தால் அடுப்பு எரியாது.

1815இல் லண்டன் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவுச்சங்கத்துக்கு ஃபின்ஸ்பரி சர்க்கஸ் பகுதியில் நூலகமும் சொற்பொழிவுக் கூடமும் கட்டும் ஒப்பந்தம் கியூபிட்டுக்குக் கிடைத்தது. தச்சராகத் தொடங்கியவருக்கு இது மிகப்பெரிய வேலை. குறித்த காலத்தில் முடித்தாக வேண்டும். பிறர் கையை எதிர்பார்த்து நின்றால் காரியம் கெடும் என்று கண்ட அவர், கிரேஸ் இன் ரோட்டில் இடம் வாங்கிப் பட்டறைகள் அமைத்து, கொத்தனார், தச்சர், பூச்சுக்காரர், கொல்லர், வர்ணக்காரர் என எல்லாத் தொழிலாளர்களையும் நிரந்தரச் சம்பளத்தில் ஒரே கூரையின் கீழ் அமர்த்தினார். கட்டடம் 1819இல் திறக்கப்பட்டது. மொத்த ஒப்பந்தம் எடுத்துப் பொருளும் ஆளும் தாமே போட்டு முடித்துக்கொடுக்கும் இன்றைய கட்டட நிறுவனங்களின் முன்மாதிரி இந்தப் பட்டறைதான்.

நிரந்தரச் சம்பளம் என்பது எளிய காரியமன்று. ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை தோறும் கூலி எண்ணி வைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு வேலை காட்ட வேண்டுமென்றால் மற்றவர் தரும் வேலைக்குக் காத்திருக்க முடியாது. தமக்குத் தாமே வேலை உண்டாக்கிக்கொள்ள, நிலத்தை எடுத்து வீடு கட்டி விற்கும் தொழிலில் கியூபிட் இறங்கினார். முதலில் நிலம், பிறகு ஆள் என்பது அந்தத் தொழிலின் வழக்கமான வரிசை. கியூபிட்டிடம் ஆட்கள் முதலில் இருந்தார்கள், நிலம் பின்னால் வந்தது. அவருடைய பிற்கால நடத்தையில் பலவற்றுக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

லண்டனில் அன்று மனையை விலைக்கு வாங்கி வீடு கட்டியவர்கள் குறைவு. நகரைச் சுற்றியிருந்த நிலத்தில் பெரும்பகுதி பெட்ஃபோர்டு பிரபு, குரோவ்னர் பிரபு போன்ற சில குடும்பங்களின் பரம்பரைச் சொத்து. அவர்கள் விற்கமாட்டார்கள், 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுவார்கள். கட்டுபவர் ஆண்டுதோறும் தரைவாடகை செலுத்த வேண்டும். வீடு எழும்பும் முதல் சில ஆண்டுகளுக்கு வாடகையாகப் பெயருக்கு ஒரு மிளகு என்று பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். வீடு முடிந்ததும் கட்டியவர் குத்தகை உரிமையை வீட்டோடு சேர்த்து விற்றுவிடலாம். அல்லது தாம் பிரபுவுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலான தரைவாடகையை விதித்து, அந்த வித்தியாசத்தைப் பல்லாண்டு வருமானமாக வைத்துக்கொள்ளலாம். குத்தகை தீரும் நாளில் மனையும் மனை மேலிருக்கும் மாளிகையும் பிரபுவின் வாரிசுக்கே திரும்பும். கைமுதல் குறைந்தவரும் தொழிலில் நுழைய இந்த ஏற்பாடு வழிவிட்டது. ஆனால் பலர் கடனை வாங்கி, மெல்லிய சுவரும் மட்டமான மரமுமாக எழுப்பி, விற்றுவிட்டு ஒதுங்கினார்கள். 99 ஆண்டுக்குப் பிறகு என்னவாகும் என்பது அவர்கள் கவலையல்ல.

கியூபிட் தொடக்கத்தில் லண்டனின் வடபுறத்தில் ஹைபரி, பார்ன்ஸ்பரி, ஸ்டோக் நியூயிங்டன் பகுதிகளில் வீடுகள் கட்டினார். 1820களில் பெட்ஃபோர்டு பிரபுவின் நிலத்தில் புளூம்ஸ்பரிக்கு வந்தார். டாவிஸ்டாக் சதுக்கத்தின் ஒரு பகுதி, வோபர்ன் பிளேஸ், கோர்டன் சதுக்கம் ஆகியவை அவர் கையிலிருந்து வந்தவை. நடுவில் மரங்கள் அடர்ந்த தோட்டம், அதைச் சுற்றி ஒரே உயரத்தில் ஒரே முகமாக நிற்கும் வீட்டு வரிசை, ஒவ்வொரு வீட்டிலும் தரைக்குக் கீழே சமையலறை என்ற அமைப்பை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. லண்டன் ஏற்கெனவே அறிந்த அந்த அமைப்பைப் பழுதில்லாமல் செய்துகாட்டினார். பெட்ஃபோர்டு நிலத்தின் வீதிமுனைகளில் வாயிற்கதவுகள் இருந்தன. சரக்கு வண்டிகளும் வேண்டாதவர்களும் உள்ளே வராதபடி காவலாளிகள் நின்றார்கள். அந்தக் கதவுகள் 1890களில்தான் அகற்றப்பட்டன. வசதி படைத்தவருக்கு அமைதியும் மற்றவருக்குச் சுற்றுவழியும் கொடுத்த அந்த ஏற்பாட்டையும் சேர்த்தே இந்தச் சதுக்கங்களின் அழகை எடைபோட வேண்டும்.

கோர்டன் சதுக்கம் முடியப் பல பத்தாண்டுகள் ஆயின. கியூபிட் இறந்தபோதும் அதில் காலி மனைகள் இருந்தன. கடைசி வீடுகள் 1860 அளவில்தான் நிறைவடைந்தன. காரணம் அவரே. புளூம்ஸ்பரிக்கு வரவேண்டிய செல்வர்களை மேற்கே அவர் எழுப்பிய இன்னொரு புதுநகரம் இழுத்துக்கொண்டது.

அந்தப் புதுநகரம் பெல்கிரேவியா. ஹைட் பார்க்குக்குத் தெற்கே ‘ஐந்து வயல்கள்’ என்று அழைக்கப்பட்ட தாழ்ந்த நிலம் குரோவ்னர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. களிமண்ணும் தேங்கிய நீருமாகக் கிடந்த அந்த இடத்தில் வழிப்பறி அச்சமும் உண்டு. நான்காம் ஜார்ஜ் மன்னர் 1825இல் பக்கிங்ஹாம் இல்லத்தை அரண்மனையாக மாற்றத் தொடங்கியதும் அதை அடுத்த சேற்று நிலத்தின் மேல் எல்லார் கண்ணும் விழுந்தது. நிலத்தை வடியவைத்து மனையாக்க 1826இல் நாடாளுமன்றச் சட்டமும் வந்தது. கியூபிட் பெரும் பரப்பைக் குத்தகைக்கு எடுத்தார்.

சேற்று நிலத்தில் மாளிகை நிற்குமா என்று மற்றவர்கள் தயங்கியபோது அவர் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். மேலே இருந்த களிமண்ணுக்கு அடியில் கெட்டியான சரளைப் படுகை கிடந்தது. களிமண்ணை எடுத்து அங்கேயே சூளை வைத்துச் செங்கல் சுட்டார். சரளையின் மேல் கடைக்கால் போட்டார். தாழ்ந்த இடங்களை உயர்த்த, லண்டன் கோபுரத்துக்கு அருகே செயின்ட் காதரீன் துறைமுகத்துக்காகத் தோண்டிய மண் தேம்ஸ் ஆற்றில் படகுகளில் ஏற்றி மேலே கொண்டுவரப்பட்டது. வீதி போடுவதற்கு முன்பே வீதிக்கடியில் கழிவுநீர்க் கால்வாய் கட்டப்பட்டது. வாங்க வருபவர் கண்ணுக்குப் படாத இந்த வேலைக்கு ஆன செலவை மிச்சம் பிடித்திருந்தால் லாபம் கூடியிருக்கும். ஆனால் அந்த வடிகால்தான் ஐந்து வயல்களைப் பிரபுக்கள் குடியேறும் இடமாக்கியது.

நடுவில் அமைந்த பெல்கிரேவ் சதுக்கத்துக்கு முதல் போட்டவர்கள் ஹால்டிமண்ட் என்ற வங்கிக் குடும்பத்தார். அதன் நான்கு பக்க வரிசைகளையும் வரைந்தவர் ஜார்ஜ் பசேவி. கட்டியது கியூபிட்டின் ஆட்கள். ஈட்டன் சதுக்கத்தில் சேத் ஸ்மித் போன்ற பிறரும் பங்கெடுத்தார்கள். வீடு என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் ஒரு சிறு மாளிகை. செங்கல் சுவருக்கு மேல் கல்லைப்போல் கோடு இழுத்த வெள்ளைச் சுண்ணப்பூச்சு. வாயிலில் தூண்கள் தாங்கும் முகமண்டபம். முதல் மாடியில் உயரமான சாளரங்களுடன் விருந்துக்கூடம். மேலே போகப்போகச் சிறுத்துவரும் சாளரங்கள், கூரையடியில் வேலைக்காரப் பெண்களின் அறைகள். தெருமட்டத்துக்குக் கீழே சமையலறையும் நிலக்கரிக் கிடங்கும். நிலக்கரிக்காரர் வீட்டுக்குள் கால் வைக்காமலே தெருவிலிருந்த வட்ட இரும்பு மூடியைத் திறந்து மூட்டையைக் கொட்டிவிட்டுப் போகலாம். பின்னால் குதிரைக்கும் வண்டிக்கும் வண்டிக்காரருக்குமான லாயச் சந்து. இன்று அந்த லாயங்களும் பெருவிலைக்கு விற்கும் வீடுகளாகிவிட்டன.

இந்தப் பெருமுயற்சி சூடுபிடித்த நேரத்திலேயே 1825 டிசம்பரில் இங்கிலாந்தின் நிதிச்சந்தை சரிந்தது. வங்கிகள் மூடின, கடன் நின்றது. லண்டன் முழுவதும் பாதியில் நின்ற சுவர்களை விட்டுவிட்டுக் கட்டடக்காரர்கள் திவாலானார்கள். கியூபிட் தப்பினார். அவருடைய வாக்குக்கும் கையொப்பத்துக்கும் இருந்த மதிப்பும், ஒரே இடத்தில் எல்லா முதலையும் முடக்காமல் பல இடங்களில் வேலை வைத்திருந்ததும் அவரைக் காத்தன. 1827 அளவில் அண்ணன் தம்பிகளின் கூட்டு பிரிந்தது. கிரேஸ் இன் ரோடு பட்டறையும் பிறருக்குக் கட்டித்தரும் ஒப்பந்தத் தொழிலும் வில்லியமிடம் போக, நிலமும் வீடும் தாமஸிடம் நின்றன.

தென் லண்டனில் கிளாப்பம் பார்க் என்ற பெயரில் 200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தோட்டத்தோடு கூடிய தனி வீடுகளை அமைத்தார்; பிரைட்டன் கடற்கரையில் கெம்ப் டவுனிலும் கட்டினார். 1840களில் ஹைட் பார்க்கின் ஆல்பர்ட் கேட் வாயிலில் இரண்டு பெரிய மாளிகைகளை எழுப்பியபோது, யாராலும் பிடிக்க முடியாத கோட்டைகள் என்ற பொருளில் ஊரார் அவற்றுக்கு மால்டா, ஜிப்ரால்டர் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவ்வளவு பெரிய வீட்டுக்கு ஆள் வராது என்பது அவர்கள் கணிப்பு. கிழக்கு மாளிகையை அன்று ‘ரயில்வே ராஜா’ என்று புகழப்பட்ட ஜார்ஜ் ஹட்சன் வாங்கினார். பின்னாளில் அது பிரெஞ்சுத் தூதரகம் ஆயிற்று.

பெல்கிரேவியாவுக்குத் தெற்கே ஆற்றங்கரை வரை பரவிய தாழ்நிலத்தை 1830களிலிருந்து பிம்லிக்கோவாக்கியதே அவர் வாழ்நாளின் மிகப்பெரிய வேலை. எக்கிள்ஸ்டன் சதுக்கம், வாரிக் சதுக்கம், செயின்ட் ஜார்ஜ் சதுக்கம் என்று வெள்ளைப் பூச்சு வரிசைகள் நீண்டன. இவை பிரபுக்களுக்காக அல்லாமல் வழக்கறிஞர், வணிகர், அதிகாரி போன்ற நடுத்தர வசதிக்காரர்களுக்காக எழுந்தவை. ஆற்றோரம் தேம்ஸ் பேங்க் என்ற இடத்தில் புதிய பட்டறைகளை அமைத்தார். நீராவி எந்திரத்தில் மரம் அறுபட்டது. கதவு, சாளரம், படிக்கட்டு, சலவைக்கல் அடுப்புமுகப்பு எல்லாம் அங்கேயே உருவாகி வண்டியேறின. 1850களின் தொடக்கத்தில் கென்ட் மாவட்டத்தின் மெட்வே ஆற்றங்கரையில் பர்ஹாம் என்ற ஊரில் எந்திரங்களைக்கொண்டு செங்கல் செய்யும் தொழிற்சாலையும் நிறுவினார். செங்கல் முதல் தாழ்ப்பாள் வரை வெளியார் கையை நம்பாத அந்த அமைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள்.

சாக்கடை விஷயத்தில் கியூபிட் பேசியது, வீட்டை விற்கும் ஒருவர் பேசத் துணியாதது. புதிய வீடுகளில் நீரடித்துக் கழுவும் கழிப்பறைகள் பரவியதும் வீட்டுக்கு வீடு இருந்த மலக்குழிகள் மறைந்தன. கழிவு நேராகக் கால்வாய்க்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் போனது. 1840இல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னபோது, முன்பு ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு மலக்குழி வைத்திருந்தார்கள், இப்போது தேம்ஸ் ஆறே எல்லாருக்குமான ஒரே மலக்குழியாகிவிட்டது என்று அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார். 1843இல் வெளியிட்ட சிறு நூலில், கழிவை நகருக்குள் ஆற்றில் விடாமல் பெரிய கால்வாய்கள் வழியே ஊருக்குக் கீழே தொலைவில் கொண்டுபோய்விட வேண்டும் என்று யோசனை சொன்னார். அரசு அசையவில்லை. காலரா 1849இலும் 1854இலும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான் பசால்ஜெட் என்ற பொறியாளரின் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. ஆலைப்புகையைக் கட்டுப்படுத்தவும் கியூபிட் வாதாடினார். தம் பட்டறை உலைகளில் அதைச் செய்தும் காட்டினார்.

நகருக்குத் திறந்தவெளி வேண்டும் என்பதிலும் அவருக்கு அக்கறை இருந்தது. பிம்லிக்கோவுக்கு எதிர்க்கரையில் சூதாட்டத்துக்கும் குடிக்கும் பெயர்போன பேட்டர்சீ வயல்களை வாங்கிப் பூங்காவாக்கலாம் என்று 1843இல் அவரும் அப்பகுதிப் பாதிரியார் ராபர்ட் ஈடனும் முன்மொழிந்தார்கள். 1846இல் சட்டம் நிறைவேறி, 320 ஏக்கர் வாங்கப்பட்டு, அதில் 198 ஏக்கர் பேட்டர்சீ பூங்காவானது. அது 1858இல் திறக்கப்பட்டபோது கியூபிட் உயிரோடில்லை. எதிரே பூங்கா வந்தால் பிம்லிக்கோ வீடுகளின் விலை உயரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. சொந்த லாபமும் ஊர் நலமும் ஒரே பக்கம் சாய்ந்த இடம் அது.

1845இல் விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் ஒயிட் தீவில் தங்கள் குடும்பத்துக்காக ஆஸ்போர்ன் இல்லத்தைக் கட்ட முடிவு செய்தபோது, பெயர்பெற்ற கட்டிடக்கலைஞர் எவரையும் அழைக்கவில்லை. இத்தாலியப் பாணியில் இளவரசர் விரும்பிய அமைப்பைக் கியூபிட்டே வரைந்து கட்டினார். தீப்பிடிக்காதபடி இரும்பு உத்தரங்கள் போடப்பட்டன. 1846 செப்டம்பரில் அரச குடும்பம் முதல் பகுதியில் குடிபுகுந்தது. முழு இல்லமும் 1851இல் முடிந்தது. பக்கிங்ஹாம் அரண்மனைக்கு எட்வர்டு புளோர் வரைந்த கிழக்கு முகப்புப் பகுதியையும் கியூபிட்டே கட்டினார். 1849 ஜூன் 30 அன்று, இரண்டாண்டுக்குப் பின் ஹைட் பார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியைப் பற்றி இளவரசர் அரண்மனையில் கூட்டிய சிறு ஆலோசனையில் இந்தத் தச்சர் மகனும் அமர்ந்திருந்தார். அவர் இறந்தபோது அரசி தம் நாட்குறிப்பில், ஆடம்பரமில்லாத நல்ல மனிதர் என்று மனம் வருந்தி எழுதினார்.

தொழிலாளிகளிடம் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு ஒரு சான்று அவருடைய கடைசி ஆண்டுகளிலிருந்து கிடைக்கிறது. 1854 ஆகஸ்ட் 17 அன்று தேம்ஸ் பேங்க் பட்டறைகள் தீக்கிரையாயின. நஷ்டம் 30,000 பவுண்டு. தச்சரும் கொல்லரும் தத்தம் கருவிகளைச் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருப்பது அன்றைய வழக்கம். உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் சாம்பலானால் மறுநாள் பிழைப்புக்கு வழியில்லை. செய்தி வந்ததும் கியூபிட், ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் வேலை திரும்பும் என்றும், புதுக் கருவிகள் வாங்கத் தம் பங்காக 600 பவுண்டு தருவதாகவும் ஆட்களிடம் சொல்லச் சொன்னார். பட்டறையில் தொழிலாளிகளுக்கு நூலகமும் பள்ளிக்கூடமும் வைத்திருந்தார். ஆனால் அவர் கட்டிய ஆயிரக்கணக்கான அறைகளில் அந்தத் தொழிலாளிகள் குடியிருக்கவில்லை. வாடகைக்குக் கட்டுப்படியாகும் நல்ல வீடு என்ற ஏழைகளின் தேவைக்கு அவருடைய தொழிலில் இடமே இருக்கவில்லை. அது அவருடைய சாதனையின் உண்மையான எல்லை.

சர்ரே மாவட்டத்தில் டோர்க்கிங் அருகே டென்பீஸ் என்ற பண்ணையை வாங்கி அங்கே தமக்கென மாளிகை எழுப்பியிருந்தார். அங்கேதான் 67ஆம் வயதில் காலமானார். அவருடைய உயில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக நீளமானது. 386 பக்க அளவுக்கு எழுதப்பட்டிருந்தது. குத்தகைகளும் உட்குத்தகைகளும் பாதி முடிந்த வீதிகளுமாக விரிந்த சொத்தைப் பிரித்துச் சொல்ல அவ்வளவு தோல்சுருள் தேவைப்பட்டது. மூத்த மகன் ஜார்ஜ் கட்டடத் தொழிலைத் தொடரவில்லை. நாடாளுமன்ற உறுப்பினராகி, 1892இல் ஆஷ்கோம்ப் பிரபு என்ற பட்டம் பெற்றார். இன்றைய பிரிட்டிஷ் அரசி கமிலா தாய்வழியில் அந்தக் குடும்பத்தில் வந்தவர். தம்பி லூயிஸ் வரைந்த கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம் 1852இல் திறக்கப்பட்டது. இன்னொரு தம்பி வில்லியம் லண்டன் மேயரானார், தேம்ஸ் வளைவில் கியூபிட் டவுன் என்ற குடியிருப்பை உருவாக்கினார்.

தேம்ஸ் பேங்க் பட்டறை இருந்த இடத்தில் ராணுவ உடைக் கிடங்கு வந்தது. 1930களில் அதையும் இடித்து டால்ஃபின் சதுக்கம் என்ற பெரும் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினார்கள். கியூபிட் எழுதி வாங்கிய குத்தகைகள் 1920களிலிருந்து ஒவ்வொன்றாகத் தீர்ந்து வீடுகள் குரோவ்னர் குடும்பத்திடம் திரும்பின. 1950களில் அந்தக் குடும்பம் பிம்லிக்கோவை விற்றுவிட்டது. பெல்கிரேவியாவின் பெரும்பகுதியை இன்றும் வைத்திருக்கிறது. பெல்கிரேவ் சதுக்கத்து மாளிகைகளில் தனிக்குடும்பங்கள் குறைந்து, பல நாடுகளின் தூதரகங்கள் இடம்பிடித்துள்ளன. பிம்லிக்கோவின் டென்பி வீதியில் கியூபிட்டுக்கு ஒரு சிலை இருக்கிறது.